மறுபடி வாசிக்கலாம்: பழைய வயலினா, வீணையா, ஆர்மோனியமா?

பதினாறு வயதில் கர்நாடக இசைப் பாடத்தில் வர்ணம் வரைக்கும் வாசித்துவிட்டு, படிப்பு, வேலை, கல்யாணம் என்று வயலினைப் பெட்டியில் வைத்து மூடியவர்கள் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலும் லெனேசியாவிலும் இருக்கிறார்கள். அறுபதை நெருங்கும்போது கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. அலமாரியின் மேல்தட்டில் பெட்டி இருப்பது நினைவுக்கு வருகிறது. உடனே வீட்டில் ஆளுக்கொரு யோசனை. "இந்த முழங்காலோடு தரையில் உட்கார முடியுமா? வீணை வாங்கிக்கொள்ளுங்களேன்" என்பார் ஒருவர். "கீபோர்டு போதும், ஹெட்போன் போட்டுக்கொள்ளலாம்" என்பார் இன்னொருவர்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மூட்டோ தோளோ காதோ கண்டிப்பாகத் தடுத்தாலொழிய, பழைய வாத்தியத்துக்கே திரும்புங்கள். உட்காரும் விதம், சுருதி, பயிற்சி நேரம் ஆகிய மூன்றையும் மாற்றிக்கொண்டாலே பெரும்பாலோருக்குப் போதும்.

காரணம் காது. நாற்பது வருஷத்தில் விரல் நிறைய மறந்திருக்கும். ஆனால் மாயாமாளவகௌளை ராகத்தின் ரிஷபம் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதைக் காது மறப்பதில்லை. ஒரு மயிரிழை பிசகினாலும் முகத்தைச் சுளிக்க வைக்கும். வயலினில் மெட்டுகள் (சுரத்தின் இடத்தைக் காட்டும் குறுக்குக் கம்பிகள்) கிடையாது, காதுதான் மெட்டு. அந்தக் காது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. வீணைக்கு மாறினாலும் அதே காது கூடவே வரும், கை மட்டும் முதல் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். காது வர்ணம் கேட்கிறது, கை முதல் பாடமான சரளி வரிசையில் தடுமாறுகிறது. இந்த இடைவெளியைத் தாங்க முடியாமல்தான் பலர் மூன்றாவது மாதத்தில் விட்டுவிடுகிறார்கள். பழைய வயலினிலும் இந்த இடைவெளி உண்டு. ஆனால் அங்கே அது சில வாரங்களில் குறுகத் தொடங்குகிறது.

பெட்டியைத் திறந்ததும்

இந்தியா 1946-ல் தென்னாப்பிரிக்காவுடன் வர்த்தகத்தை நிறுத்தியது. தூதரக உறவு திரும்பியது 1993-ல்தான். அந்த இடைப்பட்ட காலத்தில் இங்கே கற்றுக்கொண்டவர் வீட்டில் இருப்பது மேற்கத்திய வாத்தியக் கடையில் வாங்கிய ஐரோப்பிய அல்லது சீனத் தொழிற்சாலை வயலினாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் குறையொன்றும் இல்லை. சீர்செய்தால் நன்றாகவே பேசும். ஆனால் ஆசையில் உடனே பிரடையை (தந்தியை இறுக்கும் முளையை) முறுக்கிவிடாதீர்கள்.

முதலில் வயலினை மெதுவாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதோ உருண்டால் அது உள்தூண். மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே, தந்திகளைத் தாங்கும் மரத் துண்டான குதிரையின் வலது காலுக்குச் சற்றுப் பின்னால், பசையில்லாமல் வெறும் இறுக்கத்தில் நிற்கும் சிறு மரக்குச்சி அது. வெகுகாலம் தந்தி தளர்ந்து கிடந்தால் விழுந்துவிடும். உள்தூண் இல்லாத வயலினில் தந்தியை ஏற்றினால் குதிரையின் அழுத்தத்தில் மேற்பலகை உள்வாங்கும், கீறலும் விழும். உருளும் சத்தம் கேட்டால் எதையும் தொடாமல் வயலின் சீர்செய்பவரிடம் கொண்டுபோங்கள். மேற்பலகையிலுள்ள எஃப் வடிவத் துளை வழியாகக் கம்பி விட்டு நீங்களே நிறுத்தப் பார்ப்பது வேண்டாம். துளையின் விளிம்பு பெயர்ந்துவிடும்.

அடுத்து, விரல் முட்டியால் விளிம்பைச் சுற்றிலும் மெல்லத் தட்டுங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கனத்த ஓசை வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் சலசலத்தால் அங்கே பலகை ஒட்டுவிட்டிருக்கிறது. டர்பன் ஈரத்தில் பழைய பசை இளகி இப்படி ஆவது சகஜம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்: மரம் விரியும்போதும் சுருங்கும்போதும் பலகை கிழியாமல் ஒட்டு விடவேண்டும் என்றுதான் அந்தப் பசையை இளகும் ரகமாக வைக்கிறார்கள். மறுபடி ஒட்டுவது சின்ன வேலை. வீட்டிலுள்ள மரப்பசையையோ சூப்பர் குளூவையோ மட்டும் தொடாதீர்கள். அதை ஒட்டிவிட்டால் அடுத்தமுறை பலகையை உடைத்துத்தான் எடுக்க முடியும்.

வில்லைப் பாருங்கள். மயிர் ஆங்காங்கே அறுந்து தொங்கினால் பூச்சி. மூடிக் கிடக்கும் பெட்டியில் சிறு வண்டின் புழு குதிரை மயிரைத் தின்னும். வில்லுக்குப் புது மயிர் கட்ட வேண்டும், பெட்டியின் துணி மடிப்புகளை வெயிலில் காட்டி வாக்குவம் கிளீனரால் உறிஞ்ச வேண்டும். இரண்டாவதைச் செய்யாவிட்டால் புது மயிரையும் தின்றுவிடும். பழைய ரோசின் கட்டி கண்ணாடி போல வெடித்திருக்கும், தூக்கிப் போடுங்கள். புதிது வாங்கும்போது ஊரைப் பார்த்து வாங்குங்கள். ஈரமான டர்பனுக்கு வெளிர்நிறக் கெட்டி ரோசின், காய்ந்த ஜோஹன்னஸ்பர்குக்குக் கருநிற மென்மையான ரோசின். மாற்றிப் பூசினால் கடற்கரையில் பிசுபிசுக்கும், மேட்டுநிலத்தில் பிடிக்காமல் வழுக்கும்.

இங்கே வயலினுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. டர்பனில் க்வாசுலு-நட்டால் பில்ஹார்மோனிக், ஜோஹன்னஸ்பர்கில் இன்னொரு பில்ஹார்மோனிக் என்று இசைக்குழுக்கள் இருப்பதால் வயலின் சீர்செய்பவர்களும் தந்திகளும் உள்ளூரிலேயே கிடைக்கும். ஆனால் அவர்கள் மேற்கத்திய அளவில் குதிரையை நிறுத்துவார்கள்: விரல் பலகை முடியும் இடத்தில் முதல் தந்திக்கும் பலகைக்கும் நடுவே சுமார் 3.5 மில்லிமீட்டர், நான்காம் தந்திக்கு 5.5 மில்லிமீட்டர். சுரத்தை வழுக்கியும் அசைத்தும் வாசிக்கும் நம் ஜாருவுக்கும் கமகத்துக்கும், அதிலும் அறுபது வயது விரலுக்கு, அரை மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் இதம். வாய்ச்சொல்லாக விடாமல் எண்ணைத் தாளில் எழுதிக் கொடுங்கள். அதற்கும் கீழே இறக்கினால் தந்தி பலகையில் உரசி இரையும்.

அப்படியே நான்கு தந்திக்கும் பைன் ட்யூனர் (சுருதியை நுணுக்கமாகச் சேர்க்கும் சிறு திருகு) உள்ள வால்துண்டைப் போடச் சொல்லுங்கள். டர்பன் மழைக்காலத்தில் பிரடை உப்பிச் சிக்கிக்கொள்ளும். ஜோஹன்னஸ்பர்க் குளிர்காலத்தில் சுருங்கி வழுக்கும். மூட்டுவலி உள்ள கையால் இரண்டையும் சமாளிப்பது கஷ்டம். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் உள்ளே பல்சக்கரம் வைத்த பிரடை கிடைக்கிறது. பார்க்கச் சாதாரணப் பிரடை போலவே இருக்கும், இரண்டு விரலால் திருப்பலாம்.

எந்தச் சுருதி

சின்ன வயதில் குரு வைத்த சுருதிக்கே திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தந்தியின் இழுவிசை சுருதியின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் சுருதியைச் சிறிது இறக்கினாலே விரலுக்குப் பெரிய வித்தியாசம் தெரியும். கட்டை என்பது ஆதார சுருதியின் உயரத்தைக் குறிக்கும் எண். 5 கட்டைக்கு வைத்தால் கீழ் இரண்டு தந்தியும் மேற்கத்திய அளவிலேயே நிற்கும், மேல் இரண்டும் இரண்டு அரைச்சுரம் இறங்கும். அவற்றின் இழுவிசை ஐந்தில் நான்கு பங்காகிறது. 2½ கட்டைக்கு வைத்தால் மேல் இரண்டும் ஆறு அரைச்சுரம் இறங்கி இழுவிசை சரிபாதியாகிவிடும். விரலுக்குச் சுகம்தான், ஆனால் சாதாரணத் தந்தி தொளதொளத்து, வில்லைக் கொஞ்சம் அழுத்தினாலே சுருதி ஏறி இறங்கும். திரும்பி வருபவருக்கு 4 கட்டையை நாங்கள் சொல்வோம். கீழ் இரண்டு தந்தியும் இரண்டு அரைச்சுரம், மேல் இரண்டும் நான்கு அரைச்சுரம் இறங்கும். மேல் தந்திகளில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவான இழுவிசை மிஞ்சும். விரல்நுனி தாங்கும், ஓசையும் கெடாது.

தந்தி மாற்றும்போது நான்கையும் ஒருசேரக் கழற்றாதீர்கள். ஒன்றைக் கழற்றி மாட்டி ஏற்றிய பிறகு அடுத்தது. இல்லாவிட்டால் இவ்வளவு நேரம் பேசிய உள்தூண் விழுந்துவிடும். வெகுநாள் கிடந்த வயலினை ஒரே நாளில் முழுச் சுருதிக்கு ஏற்றாமல் மூன்று நாளாகப் பிரித்து ஏற்றுங்கள். ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் குதிரை முன்னால் சாய்கிறதா என்று பக்கவாட்டில் பார்த்து, இரு கையாலும் பிடித்து நிமிர்த்துங்கள்.

முழங்கால், தோள், காது

வயலினை விடச் சொல்பவர்கள் பெரும்பாலும் முழங்காலைக் காரணம் காட்டுகிறார்கள். சரியான காரணம்தான், ஆனால் தீர்வு உண்டு. நம் முறையில் இடது காலை மடித்து, வலது காலை முன்னே நீட்டி, வயலினின் சுருள்தலை வலது கணுக்காலில் நிற்க, மறுமுனை இடது மார்புக்கு மேல் பதிகிறது. இரண்டு முனையும் தாங்கப்படுவதால் இடது கைக்கு வாத்தியத்தைத் தூக்கும் வேலையே இல்லை; அது தந்தி முழுக்க ஓடி வரலாம். இந்த அமைப்பைத் தரையிலிருந்து மேலே தூக்கினால் போதும். 40 முதல் 45 சென்டிமீட்டர் உயரமும் குறைந்தது 90 சென்டிமீட்டர் அகலமும் உள்ள மரக் கட்டிலில், கெட்டி மெத்தை போட்டு உட்காருங்கள். உட்காருவதும் எழுவதும் நாற்காலி போலாகிவிடும்.

முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை செய்தவர்களால் அதுவும் முடியாது. அவர்களுக்குக் கைப்பிடி இல்லாத நாற்காலி. வலது பாதத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் உயரப் பலகை வைத்தால் முழங்கால் உயரும். முழங்காலுக்குச் சற்று மேலே சுருட்டிய துண்டை வைத்து அதில் சுருள்தலையைச் சாய்க்கலாம். முதல் வாரம் வழுக்கும். துண்டுக்கு அடியில் ரப்பர் வலைத்துணி போட்டால் நிற்கும். மேற்கத்தியர் போலத் தாடையில் இடுக்கிக்கொண்டு வாசிக்கலாமே என்பவர்களுக்கு எங்கள் பதில்: வேண்டாம். கமகத்துக்குக் கை ஓடும்போது வாத்தியத்தைக் கழுத்தே தாங்க வேண்டும். அறுபதுக்கு மேல் கழுத்தெலும்புத் தேய்மானம் இருப்பவர்களுக்கு அது புது வலியைக் கொண்டுவரும்.

தோள் வேறு விஷயம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள் இறுக்கமும், மடக்கிய விரல் நிமிராமல் சொடுக்கிக்கொண்டு திறக்கும் பிரச்சினையும் மற்றவர்களைவிட அதிகம் வருகின்றன. நம் சமூகத்தில் சர்க்கரை எவ்வளவு பரவலானது என்று சொல்லத் தேவையில்லை. வலது கையைப் பக்கவாட்டில் தோள் மட்டத்துக்கு வலியில்லாமல் தூக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் நான்காம் தந்தியில் வில் போடலாம். முடியாவிட்டால் முதலில் பிசியோதெரபி, அப்புறம் வயலின். விரல்நுனியில் மரமரப்பு உள்ளவர்கள் வாசித்து முடித்ததும் நுனிகளைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். தந்தி கீறியது உங்களுக்குத் தெரியாமலே போகலாம்.

காதுக் கருவி அணிபவர்கள் தம்பூராப் பெட்டியைப் போட்டதும் சுருதி நடுங்குவது போலக் கேட்டுத் திகைக்கிறார்கள். வாத்தியத்தில் கோளாறு இல்லை. கருவி கூவாமல் இருக்க அதற்குள் ஓர் ஏற்பாடு உண்டு. ஒரே சுரம் நீண்டு ஒலித்தால், அதைக் கூவல் என்று தப்பாக எண்ணி அது அழுத்தப் பார்க்கிறது. காதுக் கருவி நிபுணரிடம் "இசைக்கென்று தனி அமைப்பு வேண்டும்" என்று கேளுங்கள். அந்த ஏற்பாட்டைக் குறைத்துத் தருவார். இந்த ஒரு திருத்தம் தெரியாமல் வாத்தியத்தையே விட்டவர்கள் உண்டென்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம். கண்ணாடியும் அப்படித்தான். படிக்கும் கண்ணாடி கையிலுள்ள புத்தகத்துக்கானது. தரையில் வைத்த நோட்டு அதைவிட ரொம்பத் தூரம். நோட்டைத் தாங்கியில் வைத்துக் கிட்டே கொண்டுவாருங்கள்.

வீணை யாருக்கு

வீணையின் பெரிய நன்மை அதன் 24 மெட்டுகள். சுரஸ்தானம் முன்பே நிறுத்தப்பட்டிருக்கிறது. காது மந்தமானவருக்கு இது பெரிய துணை. மீட்டியதும் நல்ல ஓசை வந்துவிடும். வயலினில் முதல் மாதம் வில் கீச்சிடுவது போன்ற சோதனை கிடையாது. தோளை உயர்த்த வேண்டியதில்லை என்பதால் தோள் இறுக்கம் உள்ளவர்களுக்கு வீணையே சரி.

ஆனால் விரல் மூட்டுவலிக்கு வீணை இதமானது என்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அது தவறு. வயலினில் கமகம் விரல் வழுக்கி வருவது. வீணையில் தந்தியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுத்துத்தான் பெரும்பாலான கமகங்களைப் பிடிக்க வேண்டும். உருக்குத் தந்தியை அப்படி இழுக்க ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து உழைக்கின்றன. பஞ்சில் நனைத்த தேங்காய் எண்ணெய் உராய்வைக் குறைக்கும், பலத்தைக் குறைக்காது. விரல் கணுக்கள் வீங்கியிருந்தால் வயலின்தான் மேல். வயலினுக்கும் இடது விரல்நுனியில் துளி எண்ணெய் தொட்டுக்கொள்ளலாம், வில் மயிரில் படாமல். எண்ணெய் பட்ட மயிர் ரோசினை ஏற்காது.

அடுத்தது மெழுகு. மெட்டுகள் நிற்பது தேன்மெழுகும் கரியும் கலந்த பட்டையின் மேல். டர்பன் கோடையில் கார் டிக்கியில் ஒரு மணி நேரம் வைத்தால் மெழுகு இளகி மெட்டு அசையும். ஜோஹன்னஸ்பர்கின் ஜூன், ஜூலைக் குளிரில் மெழுகு நொறுங்கிப் பெயரும். மெழுகை மறுபடி வைத்து மெட்டுகளைச் சுரத்துக்கு நிறுத்துவது தேர்ந்த கைவேலை. தஞ்சாவூரில் அதற்குத் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே ஒருவரைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்ட பிறகே வீணை வாங்குங்கள். தந்தியும் இந்தியாவிலிருந்து வர வேண்டும், எப்போதும் இரண்டு செட் கையிருப்பு வேண்டும்.

மெழுகே இல்லாமல் மெட்டை நகர்த்தி நிறுத்தும் எலெக்ட்ரானிக் வீணை இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. பிரித்துப் பெட்டியில் வைக்கலாம், தாங்கி மேல் வைத்து நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கலாம். ஓசையில் பலாமரக் குடத்தின் கனம் இருக்காது. வீணைதான் என்று முடிவெடுத்தவர் ஜோஹன்னஸ்பர்கிலோ பிரிட்டோரியாவின் லாடியமிலோ இருந்தால், நாங்கள் இதைத்தான் சிபாரிசு செய்வோம்.

குடும்பத்தில் பழைய வீணை இருந்து அதை எல்லை கடந்து கொண்டுவர நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய வேலைப்பாடுகளில் யானைத்தந்தம் பதித்திருக்கலாம். அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையின் கீழ் அனுமதியில்லாமல் அதைக் கொண்டுவர முடியாது, பறிமுதல் செய்துவிடுவார்கள். அனுப்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ஆர்மோனியம், கீபோர்டு, குழல், மிருதங்கம்

புரட்டாசி சனிக்கிழமை பஜனைக்கும் கோயிலில் தேவாரத்துக்கும் துணை வாசிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை என்றால் ஆர்மோனியத்துக்கு ஈடில்லை. மேஜையில் வைத்து வாசிக்கலாம், முழங்காலுக்கு வேலையில்லை, பழைய பயிற்சி உள்ளவர் இரண்டு மாதத்தில் கோஷ்டியோடு உட்காரலாம். குறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். கட்டைகள் நிலையான சுரங்கள். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்க முடியாது. அகில இந்திய வானொலி 1940-ல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று. வயலின் வாசித்த காது தோடி ராகத்தைக் கட்டையில் கேட்கும்போது அமைதியாக இருக்காது. கடற்கரை ஈரத்தில் கட்டைகள் உப்பி அழுத்தினால் எழாமல் நிற்கும், துருத்தியின் மடிப்பில் பூஞ்சை பிடிக்கும். வாரம் இரண்டு முறையாவது வாசிப்பதே நல்ல மருந்து.

61 கட்டைக் கீபோர்டு அடுக்குமாடி வீட்டுக்கு ஏற்றது, ஈரத்துக்கும் அசையாது. ஆனால் வயலின் வாசித்தவருக்கு இதை முதல் தேர்வாக நாங்கள் சொல்ல மாட்டோம். அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு என்பதுதான் கவலையென்றால், ஓசையை அடக்க வயலின் குதிரைமேல் மாட்டும் ரப்பர் மியூட் போதும்.

புல்லாங்குழல் மலிவு, கைப்பையில் வைக்கலாம். பல்செட் கட்டியவர்களுக்கு உதடு குவியும் விதமே மாறிவிடுவதால் புதிதாகத் தொடங்குவதற்குச் சமம். மேட்டுநிலக் குளிர்காலத்தில் மூங்கில் வெடிக்கும்.

மிருதங்கம் முன்பே வாசித்தவர்களுக்கு மட்டும். தொப்பிக்கு (இடது முகத்துக்கு) ரவை தேவை என்றால் இங்கே கடையில் சோஜி என்று கேளுங்கள், கிடைக்கும். வலந்தலைத் (வலது முகத்) தோல் டர்பனில் தளர்ந்து சுருதி இறங்கும், ஜோஹன்னஸ்பர்கில் இறுகி ஏறும்.

ஈரமும் வறட்சியும்

மர வாத்தியத்துக்கு 40 முதல் 60 சதவீத ஈரப்பதம் உகந்தது. சின்ன ஈரமானி ஒன்றைப் பெட்டிக்குள் போட்டுவிட்டால் ஊகிக்க வேண்டியதில்லை. டர்பனில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு மாதமொருமுறை அடுப்பில் மிதமாகச் சூடாக்கி உலர்த்துங்கள். பெட்டியை வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்திலுள்ள ஜோஹன்னஸ்பர்கில் நேர்மாறு. ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சு வைத்து ஜூன் முதல் ஆகஸ்டு வரை பெட்டிக்குள் வையுங்கள். கேப் டவுனில் மழையே குளிர்காலத்தில் என்பதால் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும்.

ஊர் மாறும்போது வில்லைக் கட்டாயம் தளர்த்துங்கள். மயிர் ஈரத்தில் நீளும், வறட்சியில் சுருங்கும். டர்பனில் முறுக்கிய வில்லை அப்படியே ஜோஹன்னஸ்பர்குக்குக் கொண்டுபோனால் சுருங்கும் மயிர் கட்டையை வளைத்துவிடும்.

குரு: நேரிலா, இணையத்திலா

சென்னை நேரம் நமக்கு மூன்றரை மணி முன்னால். வேலை முடித்து மாலை 6 மணிக்கு நீங்கள் உட்காரும்போது அங்கே இரவு 9.30, ஆசிரியர் களைத்திருப்பார். ஓய்வு பெற்றவர்களுக்கு இதிலொரு நல்வாய்ப்பு இருக்கிறது. இங்கே காலை 10 மணி அங்கே பிற்பகல் 1.30, பள்ளிப் பிள்ளைகளின் வகுப்பு இல்லாத நேரம். அந்த நேரத்தைக் கேட்டால் நல்ல ஆசிரியர்களும் எளிதில் ஒப்புக்கொள்வார்கள்.

ஜூமில் இரைச்சலை அழுத்தும் வசதி தம்பூராவை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும், நீண்ட வில்லையும் விழுங்கும். இசைக்கலைஞர்களுக்கான மூல ஒலி அமைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒலி போய்ச்சேரத் தாமதம் ஆவதால் சேர்ந்து வாசிக்க முடியாது. அவர் வாசிக்க, நீங்கள் திருப்பி வாசிக்க வேண்டும். காமிராவை முகத்துக்கு நேரே வைக்காமல் வில் கைப் பக்கம், ஒரு மீட்டர் தள்ளி, குதிரை உயரத்தில் வையுங்கள். அப்போதுதான் வில் குதிரைக்கு இணையாகப் போகிறதா என்பது தெரியும்.

தோள் இறுகுவதையும் கட்டைவிரல் வில்லை நெரிப்பதையும் திரையில் பார்த்துத் திருத்துவது கடினம். திரும்பி வருபவர்களின் பெரிய பிரச்சினையோ அந்த இரண்டும்தான். எனவே முதல் ஆறு வாரம் உள்ளூரில் நேரில் ஒருவரிடம் போங்கள், பாடாந்தரம் (கற்றுத்தரும் வழி) சற்று வேறாக இருந்தாலும் பரவாயில்லை. கர்நாடக வயலின் தெரிந்தவர் அருகில் இல்லையென்றால் மேற்கத்திய வயலின் ஆசிரியரிடம் வில் கைக்கு மட்டும் நான்கைந்து வகுப்பு எடுத்துக்கொண்டு, பிறகு சென்னையோடு இணையலாம். மின்வெட்டு வந்தால் வகுப்பு அறுந்துபோகாமல் இருக்க ரௌட்டருக்குச் சிறு மின்கலப் பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் வாங்கிய தம்பூராப் பெட்டியின் சின்ன முள் பிளக் இங்கத்திய பெரிய மூன்று துளையில் பொருந்தாது, மாற்றி வாங்க வேண்டும். மின்னழுத்தம் இரண்டு நாட்டிலும் 230 வோல்ட் என்பதால் வேறு கவலை இல்லை.

முதல் ஆறு வாரம்

காலை 15 நிமிடம், மாலை 15 நிமிடம். ஒரே இருப்பில் ஒரு மணி நேரம் வேண்டாம். முதல் வாரம் விரலே வைக்காதீர்கள். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-ல் வைத்து, திறந்த தந்தியில் எட்டு எண்ணிக்கைக்கு ஒரு முழு வில். நடுவில் ஓசை மெலிகிறதா, நுனியில் நடுங்குகிறதா என்று கேளுங்கள். இரண்டாம் வாரம் சரளி வரிசை முதல் காலம் (மெதுவான வேகம்) மட்டும், மூன்றில் ஜண்டை வரிசை, நான்கிலும் ஐந்திலும் ஏழு தாள அலங்காரம், ஆறில் ஒரு கீதம். வர்ணம் மூன்றாம் மாதத்தில், அதுவும் ஒரே காலத்தில்.

எல்லோரும் தவறுவது ஒரே இடத்தில்: பதினாறு வயதில் கடைசியாக வாசித்த வர்ணத்தை, அதே இரண்டாம் காலத்தில், முதல் நாளே எடுத்துவிடுகிறார்கள். முதல் இரண்டு ஆவர்த்தம் ஆச்சரியமாக வந்துவிடும். மூன்றாவதில் முன்கை இறுகும். மறுநாள் கை தூக்க முடியாது, மனமும் விட்டுப்போகும். விரல்நுனி எரிவது இயல்பு, மூன்று நான்கு வாரத்தில் தோல் கெட்டிப்படும். மூட்டில் வலி, விரலில் மரமரப்பு வந்தால் இரண்டு நாள் வைத்துவிட்டு, திரும்பும்போது பாதி நேரத்தில் தொடங்குங்கள்.

டர்பன்காரர்கள் மார்ச் கடைசியில் பெட்டியை இறக்குவது நல்லது. கோடை ஈரம் தணியத் தொடங்கும், பிரடை சிக்காது, சீர்செய்பவர் ஒட்டும் பசையும் நன்றாகக் காயும். வில்லுக்கு மயிர், புதுத் தந்தி, குதிரை வேலை எல்லாவற்றுக்கும் ஏப்ரலை விட்டால், மே தொடங்கி ஆறு வாரப் பயிற்சி ஜூன் நடுவில் முடியும். செப்டம்பர் நடுவில் புரட்டாசி. இடையிலுள்ள மூன்று மாதத்தில் ஒரு வர்ணமும், கோஷ்டியோடு சேர்ந்து வாசிக்க நாலைந்து நாமாவளியும் கைக்கு வந்துவிடும்.